வெளிநாட்டு வேளாண் ஆய்வுப் பயிற்சி: கடலூர்ப் பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் கேட்பவை

எனக்குக் கடலூர் பக்கம், தென்பெண்ணைக் கரை ஊர். ஆற்றுக்கு வடக்கே பாகூர், அங்கேதான் அக்காவைக் கொடுத்திருக்கிறோம். வேளாண் விரிவாக்கத்தில் முதுநிலை படித்தபோது, 2023 ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை பத்து வாரம், பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பான்யோஸ் என்ற ஊரில் ஆய்வுப் பயிற்சியில் இருந்தேன். நெல் விளையும் கிராமங்களுக்குப் போய் அங்குள்ள இளவட்டங்களைச் சந்தித்துப் பேசுவதுதான் என் வேலையில் பாதிக்கு மேல். திரும்பி வந்ததிலிருந்து கல்லூரித் தம்பி தங்கைகள் கேட்கிறார்கள், அவர்களுடைய அப்பா அம்மாக்களும் கேட்கிறார்கள், பஸ்ஸில் பார்த்தால்கூட நிறுத்திக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் போனது என்ன நிறுவனம்? நம்மூருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம். சுருக்கமாக இர்ரி என்பார்கள். 1960இல் ஆரம்பித்தது. மணிலாவுக்குத் தெற்கே அறுபது கிலோமீட்டர் சொச்சம், மக்கிலிங் மலை அடிவாரத்தில் இருக்கிறது, பக்கத்திலேயே பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் வேளாண் வளாகம்.

சம்பந்தம் என்னவென்று உங்கள் வீட்டுத் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். ஐ.ஆர். எட்டு, ஐ.ஆர். இருபது, ஐ.ஆர். ஐம்பது என்று வரிசையாகச் சொல்வார். அந்த 'ஐ.ஆர்.' இந்த நிறுவனத்தின் பேரிலிருந்து வந்தது. ஐ.ஆர். 8 வெளியானது 1966இல். இந்தோனேசியாவின் உயரமான பேட்டா ரகத்தையும் தைவானின் குட்டை ரகம் ஒன்றையும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கினார்கள். அதுவரை இருந்த உயர ரகங்களுக்கு உரம் கொடுத்தால் கதிர் கனத்துச் சாய்ந்துவிடும். இது தண்டு குட்டை, சாயாது. எங்கள் தாத்தா ஐ.ஆர். 20 போட்டவர். அந்த ரெண்டு எழுத்து எந்த ஊரிலிருந்து வந்தது என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. அங்கே முதல் நாள் வாசலில் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

அங்கே ஒரு விதை வங்கி இருக்கிறது. 1,30,000க்கும் மேற்பட்ட நெல் வகைகளின் விதைகளைக் குளிரில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள், உலகத்தில் நெல்லுக்கென்றே இருக்கும் வங்கிகளில் அதுதான் பெரிது. உள்ளே போனால் ஸ்வெட்டர் போட்டும் நடுங்கும்.

அங்கே உங்கள் வேலை என்ன? ஆய்வுக்கூடமா?

இல்லை. நான் விரிவாக்கப் பிரிவு என்பதால் சமூக அறிவியல் குழுவோடு இருந்தேன். வெள்ளத்தைத் தாங்கும் நெல் ரகங்களைப் பற்றிக் கிராமத்து இளைஞர்களுக்கு யார் மூலமாகத் தெரிய வருகிறது, வீட்டில் எந்த ரகம் போடுவது என்று முடிவெடுக்கும்போது அவர்கள் பேச்சு எடுபடுகிறதா என்பதுதான் என் தலைப்பு.

வெள்ளம் தாங்கும் ரகம் என்றால் நம்மூரில் சி.ஆர். 1009 சப் 1 கேள்விப்பட்டிருப்பீர்கள், கீழ்ப் பகுதிகளில் போடுகிறார்கள். அந்த 'சப் 1' மரபணு வந்தது ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய ரகத்திலிருந்து. சாதாரணப் பயிர் முழுகினால் தண்ணீருக்கு மேலே தலைகாட்டப் பார்த்துக் கடகடவென்று நீளும், இருக்கிற சத்தையெல்லாம் அதிலேயே செலவழித்துவிடும், தண்ணீர் வடிந்ததும் துவண்டு விழுந்துவிடும். இந்த மரபணு உள்ள பயிர் நீளாமல் அடங்கிக் கிடந்து, சுமார் ரெண்டு வாரம் வரை தாக்குப்பிடித்து, தண்ணீர் வடிந்தபின் மறுபடி துளிர்க்கும். நம் ஊர் மாதிரி வடிகால் இல்லாத இடத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இடம் எப்படிக் கிடைத்தது? ஏஜென்ட் யாராவது உண்டா?

ஏஜென்ட் வேண்டாம். காசு கேட்டு யார் வந்தாலும் கிட்டேயே சேர்க்காதீர்கள்.

நான் செய்தது இதுதான். நிறுவனத்தின் ஆய்வாளர்கள் யார் எதில் வேலை செய்கிறார்கள் என்று பார்த்து, என் விஷயத்துக்கு நெருக்கமானவர்களின் கட்டுரைகளைப் படித்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு பக்கத்துக்குள் மின்னஞ்சல் எழுதினேன். 'ஐயா, எனக்கு வாய்ப்புக் கொடுங்கள்' என்று பொதுவாக எழுதினால் பதில் வராது. 'எங்கள் ஊரில் இந்த ஆண்டு இத்தனை நாள் தண்ணீர் நின்றது, இந்த ரகம் போட்டவர்களுக்கு இப்படி ஆனது, உங்கள் ஆய்வில் இந்த இடம் எங்கள் ஊரோடு பொருந்துகிறது, நான் இதைச் செய்து தருகிறேன்' என்று எழுதுங்கள். நாலைந்து பேருக்கு எழுதியதில் ஒருவர்தான் பதில் போட்டார். அந்த ஒருவர் போதும்.

அதன்பிறகு வழிகாட்டிப் பேராசிரியரின் கடிதம், கல்லூரியின் தடையில்லாச் சான்று, மருத்துவக் காப்பீடு, விசா என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். விசாவுக்கு எந்த வகை, என்னென்ன காகிதம் என்பதை அழைக்கும் நிறுவனமே எழுதிக் கொடுக்கும், அதை மட்டும் கேளுங்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் இன்றைக்கே விண்ணப்பித்துவிடுங்கள், 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய்தான். என்னோடு விண்ணப்பித்த ஒரு பையனுக்குச் சான்றிதழில் ஒரு பேர், ஆதாரில் ஒரு பேர், இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால். அதைத் திருத்தி முடிக்கும்முன் பயிற்சிக் காலமே தாண்டிப்போனது. இந்தச் சின்ன விஷயத்தை இப்போதே பாருங்கள். நான் முதல் மின்னஞ்சல் போட்டதிலிருந்து விமானம் ஏற ஒன்பது மாதம் ஆனது.

செலவு எவ்வளவு ஆகும்? உதவித்தொகை கிடைக்குமா?

எல்லாருக்கும் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பயணச் சீட்டும் தங்குமிடமும்தான் பெரிய செலவு. எனக்குப் பயணத்தில் ஒரு பகுதிக்குத் துறையிலிருந்து உதவி வந்தது, மீதிக்கு அம்மா தான் கட்டிவந்த சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். நான் இருந்தபோது ஒரு பெசோ நம் பணத்தில் ஒன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அறையில் சமைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். ஜீப்னியில் போனால் போக்குவரத்துக்குப் பெரிதாக ஆகாது, குறைந்த கட்டணம் அப்போது 12 பெசோ. ஜீப்னி என்பது நீளமான ஜீப், ரெண்டு பக்கமும் பெஞ்சு, எதிரும் புதிருமாக உட்கார வேண்டும். கண்டக்டர் கிடையாது. பின்னால் இருப்பவர் காசைப் பக்கத்திலிருப்பவர் கையில் கொடுக்க, அது கை மாறி மாறி டிரைவரிடம் போகும், பாக்கிச் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். கூட்டமான நம்ம டவுன் பஸ்ஸில் டிக்கெட் வாங்குவது போலவேதான்.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா போன் செய்து ஒரு மணி நேரம் இதைத்தான் கேட்டார். எங்கள் அம்மாவுக்கும் அதே பயம்தான் இருந்தது. நான் நிறுவன வளாகத்தின் விடுதியில் தங்கினேன். கிராமங்களுக்கு ஒருநாளும் தனியாகப் போனதில்லை, உள்ளூர் உதவியாளர் அக்கா ஒருவர் எப்போதும் கூட வந்தார். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது குழுவின் விதி. இந்த மூன்றும் எழுத்தில் உறுதியானால் அனுப்புங்கள் என்பேன். அங்கே மணி நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், அதனால் நம் வீட்டில் விளக்கு வைக்கும் நேரத்தில் அங்கே சாப்பாடு முடிந்து படுக்கப் போகும் நேரம். தினமும் அந்த நேரத்துக்குப் பேசினோம். முதல் வாரம் அம்மா அழுதார், மூன்றாவது வாரம் அந்த ஊர் விலைவாசியை விசாரித்தார்.

சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

மூன்று வேளையும் சோறு சாப்பிடும் ஊர், அதனால் கவலைப்படாதீர்கள். மீனும் கறியும் நிறைய, சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் சமைத்துக்கொள்வதுதான் வழி. முருங்கைக்கீரை எங்கும் கிடைக்கும், 'மலுங்காய்' என்கிறார்கள். பலாவுக்கு 'லங்கா'. பிஞ்சுப் பலாவைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்து ஒரு கறி செய்வார்கள், பண்ருட்டிக்காரர்கள் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும். புளி, மிளகாய்த்தூள், சாம்பார்த்தூள் மட்டும் கொண்டுபோனேன். அங்கேயும் புளி உண்டு என்று போனபிறகுதான் தெரிந்தது.

மொழி தெரியாமல் எப்படிப் பேசினீர்கள்?

பள்ளிக்கூடம் போன இளைஞர்கள் ஓரளவு ஆங்கிலம் பேசுவார்கள், மற்றதற்கு அந்த அக்கா இருந்தார். ஆனாலும் பத்து இருபது வார்த்தையாவது கற்றுக்கொண்டு போங்கள், வாசலில் உங்களைப் பார்க்கிற பார்வையே மாறும்.

தகாலோக் மொழியில் மரியாதைக்கு வாக்கியத்தோடு 'போ' என்று சேர்ப்பார்கள், நம்ம 'ங்க' மாதிரி. முதல் நாள் ஒரு பாட்டி என்னைப் பார்த்து 'சலமாத் போ' என்றதும், வந்தவளைப் போகச் சொல்கிறாரே என்று ஒரு நிமிடம் திகைத்து நின்றேன். நன்றிங்க என்று அர்த்தம். மூத்த ஆணைக் 'குயா' என்றும் மூத்த பெண்ணை 'ஆத்தே' என்றும் கூப்பிடுகிறார்கள், நம்ம அண்ணா, அக்கா போல. என்னை எல்லாரும் ஆத்தே என்றுதான் கூப்பிட்டார்கள், பத்து வாரத்தில் யாரும் பேரைச் சொல்லவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி 'சாப்பிட்டாச்சா' என்பதுதான்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை, ரைஸ்தான். அவர்கள் மொழியில் வயலில் நிற்பது பாலாய், மில்லிலிருந்து வருவது பிகாஸ், தட்டில் இருப்பது கானின். நெல், அரிசி, சோறு. என் கேள்வித்தாளை ஆங்கிலத்தில் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன், 'உங்கள் ரைஸுக்கு என்ன விலை' என்று ஒரு கேள்வி. ஒருவர் நெல் விலையைச் சொல்ல, இன்னொருவர் கடையில் வாங்கும் அரிசி விலையைச் சொல்ல, ரெண்டு நாள் பதில்கள் வீணாயின. தமிழில் யோசித்திருந்தால் இந்தத் தப்பு நடந்தே இருக்காது.

கிராமத்து இளைஞர்களை எப்படிச் சந்தித்தீர்கள்? கூட்டம் போட்டார்களா?

முதலில் கூட்டம்தான் போட்டோம், அது உதவவில்லை. அவர்களுடைய ஊராட்சிக்குப் 'பரங்காய்' என்று பேர் (கேட்கும்போதெல்லாம் எனக்கு நம்ம பரங்கிப்பேட்டை ஞாபகம் வரும்). பரங்காய் அலுவலகத்தில் நாற்காலி போட்டு, தலைவர், உறுப்பினர்கள், ரெண்டு பெரிய விவசாயிகள் முன்வரிசையில், பையன்களும் பெண்களும் பின்வரிசையில். எதைக் கேட்டாலும் முன்வரிசை பதில் சொன்னது. பின்வரிசையில் யாரையாவது நேராகக் கேட்டால் எழுந்து நின்று 'ஓகே போ' என்று உட்கார்ந்தார்கள். நம்மூரில் கிராமசபைக்கு மாணவர்களாகப் போனபோது நானும் இப்படித்தான் பின்னால் நின்றிருக்கிறேன். அது தெரிந்தும் அதே மாதிரிக் கூட்டம் போட்டது என் பிழைதான்.

அங்கே ஒவ்வொரு ஊரிலும் ஒரு பாஸ்கெட்பால் மைதானம் இருக்கும், சிமெண்டுத் தரை. நம்மூரில் கபடியும் கிரிக்கெட்டும் மாதிரி அங்கே அதுதான் உயிர். விக்டோரியா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், செப்டம்பர் கடைசி, முன்னறுவடை ஆரம்பித்திருந்தது. மைதானம் முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. நாலு பையன்கள் மரப் பலகையால் துழாவிக்கொண்டிருந்தார்கள், காலாலும் கோடு கிழித்து நெல்லைத் திருப்பிவிட்டார்கள், நம் பெண்கள் களத்தில் செய்வதுபோலவே. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் சாலையில் ஒரு பக்கம் முழுக்க நெல்லைக் கொட்டிக் கல் வைத்து வண்டிகளை ஒதுக்கிவிடுவோமே, அங்கேயும் சாலையில் அப்படியே. நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, கூடவே நெல்லைத் துழாவினேன். ஒரு நெல்லை எடுத்துக் கடித்தேன், இன்னும் காயவில்லை என்றேன். அவர்களும் ஆளுக்கு ஒன்று எடுத்துக் கடித்தார்கள். சாயங்காலம் சாக்கில் அள்ளி ஓரத்தில் அடுக்கியதும் அதே தரையில் பந்தாட்டம் ஆரம்பித்தது, தூசும் சுணையும் பறக்க. ஆட்டத்துக்கு நடுவே உட்கார வருபவன் பேசுவான், பிறகு எழுந்து ஆடப் போவான், அடுத்தவன் வருவான். கேள்வித்தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். என் ஆய்வில் உருப்படியான பகுதி முழுதும் அந்த மாதிரி மைதானங்களில் கிடைத்ததுதான். பெண்களை மட்டும் அங்கே பிடிக்க முடியாது. அவர்களைத் தண்ணீர் பம்பு அருகிலும் பெட்டிக் கடைகளிலும் சந்தித்தோம்.

அவர்கள் என்ன சொன்னார்கள்? அங்கேயும் விவசாயத்தை விட்டு ஓடுகிறார்களா?

போகிறார்கள். லகுனா மாகாணத்தில் கலம்பா, சாந்தா ரோசா பக்கம் தொழிற்சாலைகள் நிறைய, அங்கே போகிறார்கள். கால்சென்டர், கப்பல் வேலை, நர்ஸ் வேலை, வளைகுடா என்றும் போகிறார்கள். நம்மூரில் சிங்கப்பூர், துபாய் என்று போவதுபோல அங்கே வீட்டுக்கு ஒருவர் வெளியில் இருக்கிறார்.

ஆனால் ஏன் போகிறார்கள் என்பதற்கு நான் எதிர்பார்த்த பதில் வரவில்லை. சேறு பிடிக்காது, வெயில் தாங்காது, படித்தவனுக்குக் கௌரவம் இல்லை என்றெல்லாம் நாமே சொல்லிக்கொள்கிறோம் இல்லையா, அதைத்தான் எதிர்பார்த்துப் போனேன். ஒரு பையன், 22 வயது, குலிக்லிக் ஓட்டுகிறவன். கையால் பிடித்து ஓட்டும் சின்ன உழவு இயந்திரத்துக்கு அந்தப் பேர், சில்வண்டு என்று அர்த்தமாம், சத்தத்தை வைத்து வைத்த பேர். கூலிக்கு ஊர் முழுக்க உழுகிறான், எந்த வயலில் எங்கே பள்ளம், எங்கே தண்ணீர் முதலில் நிற்கும் என்று அவனுக்குக் கால் சொல்கிறது. சப் 1 ரகம் பற்றிச் செல்போனில் பார்த்துத் தெரிந்து வைத்திருக்கிறான். வீட்டில் போட்டீர்களா என்று கேட்டேன். அவன் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே சொன்னதை அக்கா அப்படியே மொழிபெயர்த்தார்: "நிலம் தாத்தா பேர்ல. வெதை வாங்குறது அப்பா. கடன் கொடுக்குறது வியாபாரி, எந்த நெல்லு போடணும்னு சொல்றதும் அவரு. நான் உழுறேன். எங்கிட்ட யாரும் எதுவும் கேக்கல, ஆத்தே."

அந்தத் தாத்தாவுக்கு நிலம் வந்தது 1972இல் வந்த நிலச் சீர்திருத்த ஆணைப்படி, அதுவரை குத்தகைக்கு உழுத நிலம். பெரும்பாடுபட்டுக் கிடைத்ததை அவர் கைவிட மாட்டார், அது நியாயம்தான். ஆனால் அதற்குக் கீழே ரெண்டு தலைமுறை வரிசையில் நிற்கிறது, அப்பாவுக்கு ஐந்து உடன்பிறப்பு. பேரனுக்கு என்ன வரும், எப்போது வரும்?

இதே பதில் வேறு வேறு வார்த்தையில் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு பெண், தன் வாத்துகளின் முட்டையை விற்ற காசு மட்டும் தன் கையில் நிற்கிறது, அதனால் வாத்தை விடமாட்டேன் என்றாள். (அந்தப் பக்கம் வாத்து வளர்ப்பு ரொம்பப் பெரிது, அறுவடை முடிந்த வயலில் மேய விடுகிறார்கள், நம்மூருக்குக் கிடை வாத்து வருமே அதுபோல.) அண்ணனோடு சேர்ந்து கால் காணியில் பாகலும் கத்தரியும் போடும் இன்னொரு பெண், காய்கறி மூன்று மாதத்தில் பணம், அதிலே தலையிட அப்பாவுக்கு நேரமில்லை என்றாள். தங்கியிருப்பவர்கள் யார் என்று பார்த்தால், சின்னதாகவாவது ஒன்றில் தானே முடிவெடுக்க முடிந்தவர்கள். போகிறவர்களில் நான் பேசிய ஒருவர்கூட மண்ணை வெறுத்துப் போகவில்லை. உழைப்பு தன்னுடையது, முடிவு தன்னுடையதில்லை என்கிற நிலை எந்த வயசுக்காரரையும் கொஞ்ச நாளில் கிளப்பிவிடும். இதை ஆழமாக நம்புகிறேன், இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அவர்கள் உங்களிடம் என்ன கேட்டார்கள்?

நிறைய. உங்கள் ஊரில் மாடு கட்டி உழுகிறார்களா, கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள், புயல் வந்தால் சிக்னல் நம்பர் எத்தனை வரை போகும் என்று. அவர்களுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை. கடலூர் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவோம், நம்பர் பதினொன்று வரை போகும் என்றதும் வாய் பிளந்தார்கள்.

ஆனால் திணறடித்த கேள்வி வேறு. 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடைசெய்தது. பிலிப்பைன்ஸ் பெரும்பாலும் வியட்நாமிலிருந்துதான் வாங்குகிறது, ஆனாலும் நாம் நிறுத்தியதில் உலகம் முழுக்க விலை ஏறியது, அங்கேயும் ஏறியது. செப்டம்பர் 5 முதல் அந்த அரசே சாதாரண அரிசி கிலோ 41 பெசோ, நல்ல தீட்டல் அரிசி 45 பெசோ என்று உச்சவரம்பு வைத்தது, ஒரு மாதம் அது இருந்தது. "உங்க நாட்டுல ஏன் ஆத்தே நிறுத்துனாங்க? உங்க ஊர்லயும் வெல ஏறிடுச்சா?" என்று மைதானத்தில் ஒருவன் கேட்டான். குற்றச்சாட்டு தொனியில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். தில்லியில் போட்ட ஓர் உத்தரவு இந்தப் பையன் வீட்டு அரிசிப் பானை வரைக்கும் வந்திருக்கிறது, நான் அதைச் செய்தித்தாளில் நாலு வரியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். தெரிந்தவரை சொன்னேன்.

நெல்லை யாருக்கு விற்கிறீர்கள் என்பது அடுத்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையம் பற்றிச் சொன்னேன். அந்தப் பருவத்துக்குச் சாதாரண நெல் குவிண்டாலுக்கு 2,265 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,310. உடனே செல்போனில் பெசோவுக்கு மாற்றினார்கள். கிலோ பதினைந்தரைதானா, எங்களுக்கு இதைவிடக் கூட வருகிறதே என்றான் ஒருவன். வருஷம் பூரா அதே விலையா, நடுவில் குறைக்க மாட்டார்களா என்று கேட்டான் இன்னொருவன். குறைக்க மாட்டார்கள் என்றேன். அவர்கள் ஊரில் 2019இல் அரிசி இறக்குமதியைத் திறந்துவிட்டு வரி மட்டும் போதும் என்று சட்டம் வந்தது, அந்த ஆண்டு நெல் விலை சரிந்ததை ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார்கள். எது மேல் என்று அன்றைக்கு முடிவாகவில்லை, இருட்டும்வரை பேசினோம்.

எம்.எஸ். சுவாமிநாதன் மறைந்தபோது நீங்கள் அங்கேதான் இருந்தீர்களாமே?

ஆமாம். 2023 செப்டம்பர் 28. கும்பகோணத்தில் பிறந்தவர், 1982 முதல் 1988 வரை அந்த நிறுவனத்துக்கே தலைமை இயக்குநராக இருந்தவர். சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்தேன். நெடுங்காலம் அங்கே வயல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், நான் தமிழ்நாடு என்று யாரோ சொல்லக் கேட்டு வந்து, என் கையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எங்கள் வீட்டுத் துக்கத்துக்கு வந்தவர் போல இருந்தது.

வயலுக்குப் போக என்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?

முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். அங்கே மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வரும், எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் உள்ள கீறல் வழியாக உடம்புக்குள் போய்விடும். காலில் புண் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்கவே கூடாது, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். இது நம்மூருக்கும் பொருந்தும், நாம்தான் வெறுங்காலோடு இறங்குகிறோம். அப்புறம் கொசுவலை, தொப்பி, நனையாத பை, பென்சில். மழையில் பேனா எழுதாது.

பேசுவதைப் பதிவு செய்யலாமா, போட்டோ எடுக்கலாமா?

கேட்காமல் ஒன்றும் செய்யக்கூடாது. எதற்காகக் கேட்கிறோம், பேர் வெளியே வராது, விருப்பமில்லை என்றால் நடுவிலேயே எழுந்து போகலாம் என்று அவர்கள் மொழியில் எழுதிய தாளைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஆரம்பிப்போம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும். நம் ஊரில் மாணவர்கள் வயலில் வேலை செய்யும் ஆயாவைக் கேட்காமலே போட்டோ எடுத்து அறிக்கையில் ஒட்டுகிறோம். நானும் ஒட்டியிருக்கிறேன், இனிமேல் மாட்டேன்.

வெளிநாடு போக வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது?

கூச்சப்படாமல் உள்ளூரிலேயே தொடங்குங்கள். நம்மைச் சுற்றி இருப்பதை எண்ணிப் பாருங்கள்: விருத்தாசலத்தில் முந்திரிக்கும் மணிலாவுக்கும் (வேர்க்கடலைதான்) பேர்போன ஆராய்ச்சி நிலையம், பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம், கடலூரிலேயே கரும்பு ஆராய்ச்சி நிலையம், புதுச்சேரி குருமாம்பேட்டில் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம். கடிதம் எழுதிக் கேளுங்கள்.

புதுச்சேரிக் கிராமங்களைப் படிக்க வெளியூர்க்காரர்கள் இங்கே வந்த கதையும் உண்டு. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களை ஆரம்பித்தது. சந்தை விலை, மழை, கடல் அலையின் உயரம் எல்லாம் ஊர் ஒலிபெருக்கியில் வரும். 2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு குப்பத்துக்கு வெளிநாட்டில் இருந்த உறவுக்காரர் ஒருவர் போன் செய்து கடல் பொங்குகிறது என்று சொல்ல, அந்த மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரே வெளியேறித் தப்பித்தது. இப்படி ஓர் ஊர் நமக்குப் பக்கத்தில் இருக்கும்போது, இளைஞர்களும் தகவலும் என்ற ஆய்வை நான் பிலிப்பைன்ஸில் போய்த் தொடங்கினேன். முதலில் நல்லவாட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

திரும்பி வந்து என்ன செய்தீர்கள்? ஏதாவது பிரயோஜனம் உண்டா?

ஒரு வருஷம் ஆய்வேடு எழுதுவதிலேயே போனது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. அந்த மழை ஒரு பக்கம் என்றால், அடுத்த ரெண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை எங்கள் ஊருக்குள் வந்தது. அக்கா இருக்கும் பாகூர்ப் பக்கமும் தண்ணீர். வடிந்தபின் போய்ப் பார்த்தால் எங்கள் சம்பா இருந்த இடத்தில் ஆற்று மணல், முழங்கால் உயரத்துக்கு. தண்ணீர் நின்றால் சப் 1 தாங்கும், மணலுக்கு எந்த ரகமும் தாங்காது.

மணல் அள்ள எங்கள் தெருப் பையன்கள் வந்தார்கள். ஒருவன் ஒரகடத்தில் கம்பெனி வேலை, லீவு போட்டு வந்தவன். ஒருவன் பாலிடெக்னிக். சின்ன வயசிலிருந்து பார்க்கிற பிள்ளைகள், அவர்களிடம் நான் விவசாயத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. விக்டோரியாவில் கேட்டதையே கேட்டேன்: அடுத்து இந்த நிலத்தில் என்ன போடுவது என்ற முடிவு உங்கள் கையில் இருந்தால் என்ன செய்வீர்கள்? கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரகடத்துப் பையன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னான்: "பட்டா தாத்தா பேர்ல, சொசைட்டி கடன் அப்பா பேர்ல, நிவாரணம் வந்தா அதுவும் அவங்க கணக்குல. எங்கிட்ட யாருக்கா இதெல்லாம் கேட்டா?"

அவனுடைய யோசனை நல்ல யோசனை. மேடான ரெண்டு வயலில் சம்பாவை விட்டுவிட்டுக் கத்தரி, வெண்டை, அடுத்தது மணிலா. பாலூருக்குப் போய் விசாரித்தும் வைத்திருந்தான், அவன் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவன் அப்பாவிடம் பேச நானும் போனேன். முதல் நாள் நடக்கவில்லை. மூன்றாம் தடவை, ஒரு வயலை மட்டும் ஒரு பருவத்துக்கு அவன் கணக்கில் விடுகிறேன், வரவு செலவு அவனே பார்க்கட்டும் என்றார். இப்போது சனி, ஞாயிறுகளில் வருகிறான். இன்னும் ரெண்டு வீட்டில் இதையே பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு வீட்டில் மகளுக்குக் கேட்கிறோம், அது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அந்த ஊர்ப் பிள்ளைகளோடு இன்னும் பேச்சு உண்டா?

உண்டு. குலிக்லிக் பையன் இப்போது தாத்தாவின் நிலத்தில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கி சப் 1 போட்டிருக்கிறான். ஃபெஞ்சல் அன்றைக்குச் செய்தியில் புதுச்சேரி என்று பார்த்துவிட்டு, 'உங்க ஊர்ல சிக்னல் எத்தனை ஆத்தே' என்று கேட்டு அனுப்பினான். போன வாரம் மைதானத்தில் நெல் காயும் படம் ஒன்று அனுப்பியிருந்தான், ஓரத்தில் பந்து கிடக்கிறது. நான் எங்கள் தெருப் பையன் பறித்து வைத்திருந்த கத்தரிக்காய்க் கூடையைப் படம் எடுத்து அனுப்பினேன். கிலோ என்ன விலைக்குப் போனது என்று கேட்டிருக்கிறான். பண்ருட்டி மார்க்கெட்டிலிருந்து தம்பி இன்னும் வரவில்லை, வந்ததும் கேட்டு எழுத வேண்டும்.